அழியாத பெயர்: ‘அடியேன்’ என்னும் ஸ்வரூப நிரூபணம் குறித்து

ஸ்ரீவைஷ்ணவர்களின் நாவில் நாள்தோறும் பயில்வது ‘அடியேன்’ என்னும் சொல். ஒருவர் தம்மைச் சுட்டும்போதும், பெரியோர்க்கு விண்ணப்பிக்கும்போதும், மடல் எழுதித் தலைக்கட்டும்போதும் இச்சொல்லே வழங்குகிறது. வழக்கு மிகுந்த சொற்களுக்கு நேரும் தேய்வு இதற்கும் நேர்ந்துள்ளது. பணிவைக் காட்டும் ஒரு சொல்லாக, ‘நான்’ என்பதற்குப் பதிலாக இடப்படும் ஒரு மரியாதைப் பெயராக மட்டுமே இது பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. மற்றொருபுறம், ஒருவன் பிறர் இட்ட வேடங்களைக் களைந்து தானாகவே வாழவேண்டும், தன் உண்மையான இயல்புக்கு மாறின்றி ஒழுகவேண்டும் என்னும் பேச்சு இக்காலத்தில் ஓங்கியிருக்கிறது. அப்பேச்சில் பழகிய செவிக்கு ‘அடியேன்’ என்பது தன்னை மறைத்துக்கொள்ளும் வேடமாகவே ஒலிக்கும். அடிமை என்று தன்னைச் சொல்லிக்கொள்பவன் தானாக வாழ்வது எங்ஙனம் என்பது அவர்கள் கேள்வி.

இக்கேள்வியைப் பூர்வாசார்யர்கள் அறியாதவர் அல்லர். ‘தன் ஸ்வரூபத்துக்குத் தக வாழ்தல்’ என்பதே ரஹஸ்ய கிரந்தங்களின் நடுவான பொருள். அவர்கள் கண்ட விடை, கேள்வி கேட்பவர் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை என்பதுதான் அருமை. அகங்காரம் என்னும் அழுக்கைத் துடைத்துவிட்டால் ஆத்மாவுக்கு அழியாமல் எஞ்சும் பெயர் ‘அடியான்’ என்பதே என்று பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் அறுதியிடுகிறார். அவர் கருத்தின்படி, களையப்படும் வேடம் ‘நான் எனக்குரியன்’ என்ற நினைவு. களைந்தபின் வெளிப்படும் உண்மையான தான், அடியான். இந்த முடிவு எவ்வெப்படிகளால் நிலைபெறுகிறது, எவ்விடங்களில் பிழைபடக் கொள்ளப்படுகிறது என்பவை ஆராயத்தக்கவை.

1. அழிவது எது, நிற்பது எது

முதற்கண் தெளியவேண்டுவது, அகங்காரம் கழிதல் ‘நான்’ என்னும் பொருள் கழிதல் அன்று என்பது. ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் எம்பெருமானார் அஹமர்த்தத்தைப் பற்றி நிகழ்த்தும் விசாரம் இங்கே அடிப்படை. ‘நான்’ என்று தோற்றுவதே ஆத்மா; அது அந்தக்கரணத்தின் திரிபு அன்று; முக்தியிலும் அது ‘நான்’ என்றே விளங்கும் என்பது அங்கே நிலைநாட்டப்படுகிறது. மோக்ஷத்தில் ‘நான்’ அழியுமாகில், அம்மோக்ஷத்தை விரும்பி முயல்வார் ஒருவரும் இரார்; தான் இல்லாதுபோவதைப் புருஷார்த்தமாகக் கொள்வார் யார் என்பது எம்பெருமானார் காட்டும் யுக்தி. கழிக்கத்தக்க அகங்காரமாவது, ஆத்மா அல்லாத தேகத்தில் ‘நான்’ என்னும் அபிமானமும், தான் தனக்கே உரியன் என்னும் ஸ்வாதந்திரிய நினைவுமே.

இதனால் இரண்டு எல்லைகள் வகுக்கப்படுகின்றன. தன்னை முற்றும் கரைத்துவிடுவதே உய்வு என்பாரோடு ஸம்ப்ரதாயத்துக்கு உடன்பாடு இல்லை. தன் மனத்தில் எழும் விருப்பங்களே தன் உண்மையான இயல்பு என்பாரோடும் உடன்பாடு இல்லை. முன்னவர் துடைக்கும்போது கண்ணாடியையே உடைக்கிறவர்கள். பின்னவர் கண்ணாடியில் படிந்த அழுக்கையே தம் முகம் என்று கொள்கிறவர்கள். ‘நான்’ உண்டு, அது என்றும் உண்டு, ஆனால் அது எத்தகையது என்று அறியவேண்டும் என்பதே இங்குள்ள நிலை.

2. ஞாத்ருத்வமோ, சேஷத்வமோ

எத்தகையது என்னும் விசாரத்தில் இரண்டு தர்மங்கள் முன்னிற்கின்றன: அறிவோனாயிருத்தலாகிய ஞாத்ருத்வம், பிறனொருவனுக்கு அதிசயம் விளைப்பதையே தன் இயல்பாக உடைத்தாயிருத்தலாகிய சேஷத்வம். இவற்றுள் ஆத்மாவை உள்ளபடி நிரூபிப்பது எது?

இவ்விசாரத்துக்கு நிலைக்களமாவது திருவாய்மொழியில் எட்டாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழி. அதன் இரண்டாம் பாசுரத்தில் எம்பெருமான் உயிரினுள்ளும் உடலினுள்ளும் உறைகின்றமையைச் சொல்லப் புகுந்த நம்மாழ்வார், உடலை ‘உடல்’ என்றே சொல்லி, அதனோடு இணையாக ‘உயிர்’ என்றோ ‘ஆன்மா’ என்றோ சொல்லவேண்டிய இடத்தில் ‘அடியேன்’ என்கிறார். பணிவு காட்டும் ஸந்தர்ப்பம் அன்று அது. தத்துவங்களைப் பிரித்துச் சொல்லும் இடம். அங்கே ஒரு தத்துவத்தின் பெயராகவே இச்சொல் நிற்கிறது. ஞாத்ருத்வமோ சேஷத்வமோ என்னும் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளக் கூரத்தாழ்வான் திருக்கோட்டியூர் நம்பியின் திருவடிகளில் ஆறு மாதம் பணிந்து நின்றதையும், நம்பி விடையாக இப்பாசுரச் சொல்லையே எடுத்துக் காட்டியதையும் ஈட்டில் வரும் ஐதிஹ்யம் தெரிவிக்கிறது. அவ்விடையில் வாதம் ஏதும் இல்லை. ஆழ்வார் தம்மை எப்பெயரால் அறிந்தார் என்பது ஒன்றே பிரமாணமாயிற்று.

முமுக்ஷுப்படி இதே பொருளைத் திருமந்திரத்தின் எழுத்து அடைவிலேயே காட்டுகிறது. பிரணவத்தில் அகாரம் எம்பெருமானைச் சொல்லும். அதன்மேல் ஏறி மறைந்த நான்காம் வேற்றுமை ‘அவனுக்கு’ என்று சேஷத்வத்தைச் சொல்லும். உகாரம் ‘அவனுக்கே’ என்று பிறர்க்கு உரித்தாதலை விலக்கும். இருபத்தைந்தாம் மெய்யெழுத்தாகிய மகாரம் இருபத்தைந்தாம் தத்துவமாகிய ஆத்மாவைச் சொல்லும். உறவு முன்னே பேசப்பட்டு, உறவுடையவன் பின்னே பேசப்படும் இவ்வடைவு கருதத்தக்கது. முதலில் தான் ஒருவன் தனியே இருந்து, பிறகு எம்பெருமானோடு ஓர் உறவை உண்டாக்கிக்கொள்கிறான் என்பது உலகியல் நினைவு. திருமந்திரம் அந்த வரிசையை மாற்றிவிடுகிறது. மணத்தையிட்டுப் பூவும் ஒளியையிட்டு மாணிக்கமும் விரும்பப்படுவது போல, சேஷமாயிருப்பதை இட்டே ஆத்மா ஆதரிக்கப்படுகிறது என்று பிள்ளைலோகாசார்யர் காட்டும் உவமை இதற்குத் தக்க விளக்கம். மணத்தைப் பிரித்து எடுத்துவிட்டால் எஞ்சுவது பூவின் உண்மை வடிவம் என்று ஒருவரும் சொல்லார்.

இதனால் ஞாத்ருத்வம் பயனற்றதாகிவிடுமோ எனின், ஆகாது. ஞானம் ஆத்மாவை அசித்தினின்று வேறுபடுத்தும்; சேஷத்வம் ஈச்வரனினின்று வேறுபடுத்தும். இரண்டும் இன்றி ஸ்வரூபம் முழுமையாகத் தெரியாது. வேதாந்த தேசிகர் ரஹஸ்யத்ரயஸாரத்தில் செய்யும் பாகுபாடு இங்கு மிகவும் உதவுகிறது: சேஷத்வம் சித்துக்கும் அசித்துக்கும் பொது, அறிவுடைய சேதனனுக்கே சிறப்பாக அமைவது தாஸத்வம். கல்லும் மரமும் எம்பெருமானுக்குச் சேஷமே. ஆயினும் அவை அதனை அறிந்து உகப்பதில்லை. அறிந்து உகந்து அடிமை செய்தல் சேதனனுக்கே கூடும். இரு கலையாரும் பல பொருள்களில் வேறுபட்டாலும், ‘அடியேன்’ என்று தன்னை அறிதலில் ஞானமும் சேஷத்வமும் ஒன்றாக முதிர்கின்றன என்பதில் வேறுபாடு இல்லை.

3. பாரதந்திரியம் துன்பம் அன்றோ என்னும் ஆக்ஷேபம்

இனி, கேள்வி கேட்பவரின் வலிய ஆக்ஷேபத்துக்கு வருதல் தகும். பிறர்க்கு வசப்பட்டிருத்தல் துன்பம், தன்வசமாயிருத்தல் இன்பம் என்பது கண்கூடு. ஸேவை நாயின் பிழைப்பு என்று மநுவும் கூறியுள்ளார். ஆகவே அடிமையை இயல்பு என்றும் இன்பம் என்றும் கூறுதல் பொருந்தாது என்பது அது. வேதார்த்தஸங்கிரஹத்தின் இறுதிப் பகுதியில் எம்பெருமானாரே இவ்வாக்ஷேபத்தை எழுப்பி விடையிறுக்கிறார்.

அவ்விடையின் உயிர்நிலை இது: ஒருவன் தன்னை எவ்வாறு அபிமானித்திருக்கிறானோ, அதற்கு இசைந்ததே அவனுக்குப் புருஷார்த்தமாகத் தோன்றும். சிங்கம் என்றும் பன்றி என்றும் மனிதன் என்றும் தன்னை எண்ணும் உயிர்களுக்கு இன்பங்கள் வெவ்வேறு. ஒன்றற்கு இனியது மற்றொன்றற்கு இன்னாதது. தேகமே தான் என்று கொண்டவனுக்கு ஸ்வாதந்திரியம் இனிக்கும். தேகம் வேறு தான் வேறு என்று அறிந்து, தான் பரமபுருஷனுக்கே சேஷன் என்றும் அறிந்தவனுக்கு அவனுக்கு அடிமை செய்தலே இனிக்கும். நாய்ப்பிழைப்பு என்று பழிக்கப்பட்டதோ ஸேவிக்கத்தகாதாரை ஸேவித்தல்.

இவ்விடையில் தங்கிச் சிந்திக்கவேண்டும். ‘எனக்கு இது பிடிக்கிறது, ஆகவே இது என் உண்மையான இயல்பு’ என்பதே தானாக வாழ்தலைப் பற்றிய இக்காலப் பேச்சின் அளவுகோல். விருப்பம் ஸ்வரூபத்துக்குச் சான்று என்பது அதன் கருத்து. எம்பெருமானாரோ, விருப்பம் சான்று அன்று, விளைவு என்கிறார். தன்னைப் பற்றிய நினைவு முன்னே செல்ல, விருப்பம் அதன் பின்னே வருகிறது. நினைவு பிழைபட்டால் விருப்பமும் பிழைபடும். அப்போது விருப்பத்தைப் பின்சென்று தன்னைத் தேடுபவன், தன் மயக்கத்தையே திரும்பத் திரும்பக் காண்பான். ஆகவே ‘எனக்கு எது இனிக்கிறது’ என்னும் கேள்விக்கு முன்பாக ‘எனக்கு என்று சொல்லுகிற நான் யார்’ என்னும் கேள்வி நிகழவேண்டும். ஸ்வரூப ஞானம் புருஷார்த்த ஞானத்துக்கு முற்பட்டது என்னும் ரஹஸ்ய கிரந்தங்களின் அடைவுக்கு இதுவே காரணம்.

4. உகாரம் தரும் விடுதலை

‘அடியேன்’ என்பதை அடிமைத்தனத்துக்கு உடன்படும் சொல்லாகக் கொள்வார், உகாரத்தை மறந்தவரே ஆவர். எம்பெருமானுக்குச் சேஷமாயிருத்தலைக் காட்டிலும் பிறர்க்குச் சேஷமாகாதிருத்தலே பிரதானம் என்னும் அளவுக்குப் பிள்ளைலோகாசார்யர் உகாரத்தின் பொருளை வற்புறுத்துகிறார். தேவர்களுக்கு உரிய புரோடாசத்தை நாய்க்கு இடுவது போன்றது, ஈச்வரனுக்கே உரிய ஆத்மாவை ஸம்ஸாரிகளுக்கு உரியதாக்குதல் என்பது அவர் காட்டும் உவமை. செல்வத்துக்கும் பதவிக்கும் அஞ்சி வளைந்து நிற்பவன் ‘அடியேன்’ என்று சொல்லும்போது, சொல் மட்டுமே ஸம்ப்ரதாயத்தைச் சேர்ந்தது. பொருள் அதற்கு நேர் விரோதம். நமஸ்ஸோ, இன்னும் ஒருபடி சென்று, ‘எனக்கு உரியேன்’ என்பதையும் கழிக்கிறது. பிறர்க்கும் தனக்கும் உரித்தல்லாத ஆத்மாவே உள்ளபடியான ஆத்மா.

இதன் விளைவு ஊர்ப்பெயர், குலப்பெயர் முதலியவற்றில் வெளிப்படுகிறது. கிராமத்தாலும் குலத்தாலும் வரும் பெயர்கள் அனர்த்தத்துக்கு ஏதுவாகும் என்று ஸ்ரீவசனபூஷணம் கூறுவது, ‘அடியான்’ என்னும் பெயரை அறுதியிட்டதை அடுத்தே. அழகியமணவாளப்பெருமாள் நாயனாரும் ஆசார்யஹ்ருதயத்தில் இதனை வேறொரு வகையால் நிலைநிறுத்துகிறார்: வேதியர்க்குக் கோத்திரம், சூத்திரம் முதலியவற்றுக்கு முதல்வர் பராசரர், போதாயனர் முதலியோர்; பிரபன்னர்க்கு அவ்விடத்தில் நிற்பவர் பராங்குசர், பரகாலர், யதிவரர் முதலியோர். ‘நீர் யார்’ என்று வினவினால் பிறவி விடையிறுக்காமல், பற்றிய திருவடிகள் விடையிறுக்கவேண்டும் என்பது கருத்து.

இது ஏட்டளவில் நின்ற கொள்கை அன்று. ஆளவந்தாரின் திருவடிகளைப் பற்றிய மாறனேர் நம்பிக்குப் பெரிய நம்பி, பிறவி வேறுபாட்டைப் பாராமல் பிரம்மமேத ஸம்ஸ்காரம் செய்ததை ஆசார்யஹ்ருதயமும் அதன் வியாக்கியானமும் போற்றுகின்றன. அச்செயலால் பெரிய நம்பிக்கு உலகோரின் பழிப்பும் வந்தது. ஊரார் இட்ட பெயர்க்கு ஏற்ப ஒழுகுதல் எளிது. ஸ்வரூபத்தின் பெயர்க்கு ஏற்ப ஒழுகுதலுக்கு விலை உண்டு என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. ‘அடியேன்’ என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டே குலப்பெருமையை விடாது பற்றியிருப்பார், இரண்டு பெயர்களைத் தாங்கி நிற்கிறார்கள்; அவற்றுள் எது அவர்களுடைய நடையை ஆள்கிறது என்பதே அவர்கள் தம்மை யாராக அறிந்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று.

5. ஸ்வரூபமும் தடையாகும் இடம்

இதுவரை கூறியவற்றோடு விசாரம் முடிந்திருக்குமாகில், பூர்வாசார்யர்களின் நோக்கு முழுதும் வெளிப்பட்டதாகாது. அவர்கள் இன்னும் நுண்ணியதொரு பிழையைக் கண்டு காட்டினார்கள். தன் ஸ்வரூபத்தை உள்ளபடி அறிந்தவன், அவ்வறிவையே தன் உடைமையாகப் பற்றிக்கொள்ளக்கூடும். அப்போது குணமும் குற்றமாகிவிடும்.

ஸ்ரீவசனபூஷணத்தில் இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் வருகின்றன. பிரிவின் அழுக்கோடு இருந்த பிராட்டியின் திருமேனியே பெருமாளுக்கு உகப்பாயிருக்க, அவள் நீராடி வந்தது சீற்றத்துக்குக் காரணமாயிற்று என்பது ஒன்று. அழகுக்காக அணிந்த கச்சே அணைப்புக்கு இடையூறாவது என்பது மற்றொன்று. இவற்றைத் தொடர்ந்து, பாரதந்திரியமும்கூட எம்பெருமானுடைய அனுபவத்துக்கு விலக்காகலாம் என்று துணிந்து கூறுகிறார் பிள்ளைலோகாசார்யர். எம்பெருமான் தானே உகந்து கலக்க வரும்போது, ‘நான் பரதந்திரன், என் முறை இதுவன்று’ என்று தன் இயல்பைச் சொல்லிப் பின்வாங்கினால், அவ்வியல்பே அவன் உகப்பைக் கெடுத்ததாகும். அடிமையாயிருத்தலின் பயன் அவன் உகப்பு; அந்த உகப்பைத் தடுத்து நிற்கும் அடிமை தன் பயனை இழக்கிறது.

நம்மாழ்வாரின் அனுபவத்திலேயே இவ்விரு நிலைகளையும் காணலாம். முதற் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியில் ஆழ்வார் எம்பெருமானின் பெருமையையும் தம் சிறுமையையும் நினைந்து, தம்மால் அவனுக்கு அவத்யம் விளையுமோ என்று அஞ்சி அகலப் பார்க்கிறார். எட்டாம் பத்தில், கலவி நிகழ்ந்தபின் ஆழ்வார் மீண்டும் அவ்வாறு அகலக்கூடுமோ என்று எம்பெருமான் ஐயுற்று, ஆத்ம ஸ்வரூபத்தின் ஏற்றத்தை அவர்க்குக் காட்டிக்கொடுத்தான் என்று பூர்வர்கள் அவதாரிகை இடுகிறார்கள். ‘அடியேன்’ என்னும் சொல் ஆத்ம தத்துவத்தின் பெயராக நிற்கும் பாசுரம், அந்த ஏற்றத்தைப் பேசும் திருவாய்மொழியிலேயே அமைந்திருப்பது தற்செயல் அன்று. தாழ்வைக் காட்டும் சொல்லாகப் பலரும் கொள்ளும் இது, எம்பெருமானே காட்ட ஆழ்வார் கண்ட உயர்வின் பெயர். நைச்சியத்தால் விலகிச் சென்றவர் தம்மை இழிந்தவராகக் கண்டார். ஸ்வரூபத்தைக் கண்டவர் தம்மை அவனுக்கு உரியவராகக் கண்டார். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பொருளுரைப்பதே இன்றைய விரிவுரைகள் பலவற்றில் காணும் குறை. நைச்சியம் மனத்தில் எழும் ஒரு பாவம், வரும், போகும். சேஷத்வம் வருவதுமில்லை, போவதுமில்லை.

ஸ்ரீராமாயணத்தில் பரதாழ்வானின் நிலை இதனை முழுமையாக விளக்கும். அயோத்தியின் ஸபையில் அரசை ஏற்குமாறு வேண்டப்பட்டபோது, அரசோடு தன்னையும் சேர்த்து இராமபிரானுக்கு உரிய பொருள்களாக அவன் எண்ணினான். உடைமை உடைமையை ஆளுமோ என்பது அவன் கேள்வி. இது சேஷத்வ ஞானம். ஆயினும் அவன் சிறப்பு சித்திரகூடத்திலேயே வெளிப்படுகிறது. பெருமாளை மீட்டுக்கொண்டு வரவேண்டும் என்பது அவன் ஆசை. அந்த ஆசையில் தன்னலம் சிறிதும் இல்லை. இளையபெருமாளைப் போல உடனிருந்து எல்லா அடிமைகளும் செய்தல் ஸ்வரூபத்துக்கு ஒத்ததே. ஆனால் பெருமாளின் திருவுள்ளம் வேறாயிருந்தது. பரதாழ்வான் பாதுகைகளைப் பெற்றுக்கொண்டு திரும்பி, நந்திக்கிராமத்தில் பதினான்கு ஆண்டுகள் இருந்தான். அடிமை செய்யவேண்டும் என்னும் தன் விருப்பத்தையும் அவன் விருப்பத்துக்கு விட்டுக்கொடுத்ததில்தான் பாரதந்திரியம் தலைநின்றது. அவன் இழந்தது ஒன்று உண்டு என்று எவரும் சொல்லலாம். அவன் தன்னை இழந்தான் என்று ஒருவரும் சொல்லார்.

6. அளவுகோல்

இவ்வாறு தொடர்ந்து செல்லும் விசாரத்தினால், தன் ஸ்வரூபத்துக்குத் தக வாழ்தல் என்பதற்கு ஸம்ப்ரதாயம் தரும் அளவுகோல் தெளிவாகிறது. த்வயத்தில் உள்ள நமஸ்ஸுக்கு முமுக்ஷுப்படி கூறும் பொருள், கைங்கரியத்தில் உள்ள களையை அறுத்தல். களையாவது, ‘எனக்கு’ என்று செய்தல். பாவச் செயலில் களை தேடுவது எளிது, அது வெளிப்படையானது. திருவாராதனத்திலும் திருமாலை கட்டுதலிலும் ஸேவாகாலத்திலும் காலக்ஷேபத்திலும் களை தேடுமாறு பூர்வாசார்யர்கள் பணித்தார்கள். செய்பவனுக்குப் புகழாகவும், தன் பக்திக்குச் சான்றாகவும், தன் இன்பமாகவும் கைங்கரியம் திரும்பிவரும் இடத்தில் அந்த அகங்காரமே வேறு உருவத்தில் நிற்கிறது. தன் பணிவைத் தானே கண்டு மகிழ்பவன் ‘அடியேன்’ என்று சொல்லும்போது, அச்சொல்லின் உள்ளே ‘நான்’ ஒளிந்திருக்கிறான்.

ஆகவே தானாக வாழவேண்டும் என்னும் வேட்கையைப் பூர்வாசார்யர்கள் பழித்ததில்லை. அவ்வேட்கையின் முழு உண்மையை அவர்கள் காட்டினார்கள். பிறர் சுமத்திய பெயர்கள் தன்னுடையவை அல்ல என்று காண்பவன் உகாரத்தின் வாசல்வரை வந்தவன். தானே தனக்கு இட்டுக்கொண்ட பெயரும் தன்னுடையது அன்று என்று காண்பது நமஸ்ஸின் பொருள். அவ்விரண்டும் கழிந்தவிடத்து வெறுமை இல்லை. அங்கே நான்காம் வேற்றுமை நிற்கிறது. இலக்கணத்தில் அது மறைந்துபோன உருபு, காதுக்குக் கேளாதது. ஆயினும் பிரணவத்தின் பொருள் முழுதும் அதனைத் தாங்கியே நிற்கிறது. ‘அடியேன்’ என்று நாவால் சொல்லும் ஒவ்வொரு முறையும் சொல்பவன் ஏற்றுக்கொள்வது அந்தக் கேளாத உருபின் பொருளை. அப்பொருள் நடையில் வெளிப்படும் அளவே அவன் தானாக வாழ்ந்த அளவு.